இருக்கேன் பாப்பா

அக்காவோடு ஒரு பேச்சை ஆரம்பித்து அதே பேச்சில் முடித்தவர்கள் வலங்கைமான் கடைத்தெருவில் யாரும் கிடையாது. பாதியில் ஃபோன் வரும். எடுப்பார். "இருக்கேன் பாப்பா" என்பார். வைத்துவிடுவார். விட்ட இடத்தை மனசுக்குள் தேடுவார், கிடைக்காது. "என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?" என்று நம்மிடமே கேட்பார். நாம் எடுத்துக் கொடுப்பதற்குள் மறுபடி ஃபோன் அடிக்கும்.

அந்தப் பக்கம் அவருடைய மகள். "அம்மா?" என்பாள், கேள்வி மாதிரி. அதற்குப் பதில்தான் அந்த இரண்டு வார்த்தை. பால் தீர்ந்துவிட்டது, சாவியைக் காணோம், பசிக்கிறது, அப்படி ஒன்றும் இருக்காது. அம்மா இருக்கிறாளா என்று தெரிய வேண்டும். தெரிந்துவிட்டது, வைத்துவிட்டாள்.

நான் அப்போது கல்லூரி முடித்துவிட்டுப் பரீட்சைகளாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று ஓர் இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கைரேகை மெஷின், எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சர்வர். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. சொந்தமெல்லாம் இல்லை. ஊரே அக்கா என்றது, நானும் சொன்னேன். அவர் என்னை "ஏ பொண்ணே" என்பார். நாற்பதைத் தொடாத வயசு. கை அவ்வளவு வேகம். சிட்டா, அடங்கல், பட்டா மாறுதல், வருமானச் சான்று என்று எது கேட்டாலும் திரையைப் பார்க்காமலே தட்டுவார். திரையைப் பார்க்க வேண்டிய கண் ஃபோன் மேல் இருக்கும்.

விவசாயிகளுக்கு இது பழகிப்போயிருந்தது. ஓடிபி வந்திருக்கும், பெரியவர் ஒருவர் கண்ணை இடுக்கி எண்களை வாசிக்கத் தொடங்கியிருப்பார், ஃபோன் அடிக்கும். "எடுத்துடும்மா, எடுத்துடு. நான் நிக்கிறேன், ஓடிபிதான் நிக்காது" என்பார். ஒருமுறை அக்கா பின்பக்கம் போயிருந்தபோது ஃபோன் மேஜையில் கிடந்து அடித்தது. நான் எழுந்திருப்பதற்குள், விரலை மெஷினில் வைத்தபடி நின்றிருந்த ஒருவர் இன்னொரு கையால் ஃபோனை எடுத்து, "அம்மா இருக்காங்க பாப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தார். வரிசையே சிரித்தது. அக்கா ஈரக் கையோடு ஓடிவந்து, சிரிப்பவர்களைப் பார்த்துத் தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாப்பாவைத் திருப்பிக் கூப்பிட்டு, "இருக்கேன். அது வேற யாரோ" என்றார்.

வீட்டிலும் அப்படித்தான் என்பது போகப் போகத் தெரிந்தது. மிக்ஸியை விட்டு விட்டுத்தான் ஓட்டுவார். ஒரு சுற்று, நிறுத்தி ஒரு காது, மறுபடி ஒரு சுற்று. குக்கரைப் பரண் மேல் ஏற்றிவிட்டார், விசில் சத்தத்தில் கூப்பிடுவது கேட்காது என்று. குளிக்கும்போது தண்ணீரைச் சத்தம் வராமல் ஊற்றிக்கொள்வார். வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, வாய் நிறையச் சோற்றோடு, சாமி கும்பிடும்போது கண்ணை மூடியபடி, எந்த நிலையிலும் அந்த வார்த்தை வந்துவிடும். ஒருமுறை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் யாருடைய குழந்தையோ "அம்மா" என்றது. தூக்கத்திலேயே பதில் சொன்னார்.

பாப்பா அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன்னால் சொல்லவேண்டியது, அவளைப் போல எனக்குச் சிரிப்புக் காட்டியவர்கள் இல்லை. எங்கள் மையத்து முதலாளி கொட்டாவி விட்டுக்கொண்டே ஃபோன் பேசுவதை அவள் செய்து காட்டினால் வயிறு வலிக்கும். சந்தித்த இரண்டாம் நாளே நான் அவளுக்குச் சொந்த அக்கா. கையில் கயிறு கட்டிவிட்டாள். அவள் அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொன்னாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வாரமே, அவளுடைய வகுப்புப் பெண் ஒருத்தி சாதிச் சான்றுக்கு வந்தபோது நான் அவளிடம் சிரித்துப் பேசினேன். பாப்பா வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். "நீயும் எல்லாரையும் மாதிரிதான்னு தெரியும்" என்று ஒரு செய்தி வந்தது. நான் பதில் அடிப்பதற்குள் என்னை பிளாக் செய்துவிட்டாள். பத்து நாள் கழித்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அதற்கப்புறம் அக்கா காலையில் மையத்துக்குள் நுழையும்போதே எனக்கு நிலவரம் சொல்லிவிடுவார். "இன்னிக்கு நீ நல்லவ." இல்லாவிட்டால், "ரெண்டு நாளைக்கு ஃபோன் பண்ணாத. நீ சரியில்ல."

"நீங்கக்கா?"

"நானா? காலையில கொலைகாரி. பல்லு விளக்கினதும் தெய்வம். பஸ் ஏறும்போது என்னன்னு தெரியல, கதவச் சாத்திக்கிட்டா."

இப்படிச் சொல்லும்போது அக்கா சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் பாப்பாவின் முழுக்கைச் சட்டையை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அந்த முழுக்கைச் சட்டைக்குக் காரணம் ஒரு பயிர்க் காப்பீட்டுக் கடைசி நாள். நான் சேர்வதற்கு முந்தின வருஷம். சம்பாவுக்குக் காப்பீடு கட்டக் கூட்டம் தெருவரைக்கும் நின்றிருக்கிறது. சர்வர் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. ஃபோன் எங்கோ மனுக்களுக்கு அடியில் போய்விட்டது. மாலையில் கண்டெடுத்துப் பார்த்தால் திரை நிறையப் பாப்பாவின் பெயர். ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார். பாப்பா குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கைகளைத் தானே கிழித்துக்கொண்டிருந்தாள். அழவில்லையாம். "நீ எடுக்கலல்ல" என்று மட்டும் சொன்னாளாம், மார்க் குறைந்ததைச் சொல்வது போல. அன்றைக்குப் பிறகு அக்கா தானாக ஒரு அழைப்பையும் விட்டதில்லை. அக்னி வெயிலிலும் பாப்பா முழுக்கையோடுதான் இருந்தாள்.

அவளுடைய அப்பாவை நான் மாமா என்பேன். அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். இங்கே தை, மாசி முடிந்தால் மெஷினோடு ஆந்திரா, கர்நாடகா என்று கதிர் முற்றுகிற திசையில் போய்விடுவார். அவர் கெட்டவர் இல்லை. மகளைப் பார்த்தால் பயம். அந்தப் பயத்துக்கு "செல்லம்" என்று பெயர் வைத்திருந்தார். நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்பார் அக்காவிடம். அக்காவின் மாமியாருக்கு இது காற்று, கருப்பு. பள்ளிக்கூடத்துக்கு இது திமிர்.

எனக்கு இணையம். நான் வெறி பிடித்த மாதிரி வாசித்தேன். பாப்பா செய்கிற ஒவ்வொன்றும் அந்தப் பக்கங்களில் இருந்தது. விட்டுவிடுவார்களோ என்கிற பயம், ஒரே ஆள் ஒரு நாள் தெய்வம் மறுநாள் பேய், தன்னையே காயப்படுத்திக்கொள்வது, உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு வெறுமை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன். நான்தான் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரைக் கண்டுபிடித்து, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் பாப்பாவோடு தனியாக ரொம்ப நேரம் பேசினார். பிறகு அக்காவிடம், இந்த வயசில் பெயர் ஒட்டமாட்டோம், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், வளர்கிற பிள்ளை, விடாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாப்பா ஜன்னலோரம் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். அக்கா என் பக்கம் குனிந்தார்.

"எல்லைங்கறாங்களே. எதுக்கும் எதுக்கும் நடுவுல?"

இரண்டு வகை நோய்களுக்கு நடுவில் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது என்று வாசித்ததைச் சொன்னேன்.

"அப்ப கல்லு எங்க நட்டிருக்குன்னு அவங்களுக்கே தெரியாது."

"தெரியாதுக்கா."

"சர்வேயருக்குப் போட்ட மனு மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பாய் விரித்த மாதிரி நாற்று விட்டிருந்த வயல்கள் பச்சைப் பச்சையாகப் பின்னால் போயின. கிளம்பும்போது மருத்துவர் சொல்லியனுப்பிய இரண்டு வாக்கியத்தையும் மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தார். கூப்பிடும்போதெல்லாம் ஓடாதீங்க. கைவிட்டுட்டாங்கன்னு அவளுக்குத் தோணவும் விடாதீங்க. "ரெண்டையும் ஒரே கையால எப்படிப் புடிக்கிறது?" என்றார்.

பிடித்துப் பார்த்தோம், பள்ளிக்கூட லீவில். திட்டம் என்னுடையது. மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்தது. அக்கா காலையிலேயே பாப்பாவிடம் சொல்லிவிடுவார், ஒரு மணிக்கு நானே கூப்பிடுவேன், நாலு மணிக்கு நானே கூப்பிடுவேன், நடுவில் நீ கூப்பிட்டால் எடுக்கமாட்டேன், ஆனால் நான் இருப்பேன். பாப்பாவும் சரி என்றாள். மூன்று நாள் நடந்தது. அந்த மூன்று நாளும் அக்கா வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே. ஃபோன் அடிக்கும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். மனுவோடு நிற்கிறவர் "எடும்மா" என்பார். நான் "எடுக்கக்கூடாது" என்பேன். அக்கா பிரசவ வலியில் இருக்கிறவர் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். மணி ஒன்று அடித்த நொடியில் கூப்பிடுவார்.

நாலாம் நாள் ஃபோன் அடிக்கவே இல்லை. பாப்பாவே வந்துவிட்டாள். காலில் செருப்பில்லை. கவுன்ட்டருக்கு வெளியே வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு "அம்மா" என்றாள். கத்தவில்லை. முன்னால் நின்றவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். மணி பதினொன்று. அக்கா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா எழுந்துபோய்ப் பாப்பாவின் கால்களைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, தன் செருப்பை மாட்டிவிட்டார். "இருக்கேன் பாப்பா" என்றார். திட்டம் அவ்வளவுதான்.

அது முடிந்து சில மாதத்தில், பாப்பாவின் உயிர்த்தோழி வகுப்பில் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் நடந்தது அவ்வளவுதான். அன்று மத்தியானம் பாப்பா வீட்டுக்கு வந்து எதையோ விழுங்கிவிட்டாள். விழுங்கியதும் அவளே அம்மாவைக் கூப்பிட்டாள், அக்காவும் எடுத்தார். அதனால்தான் பிழைத்தாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வுக்கு வெளியே அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மாமா கர்நாடகாவிலிருந்து வந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து யார் கூப்பிட்டாலும் எங்களுக்குக் கேட்காது. அக்கா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவின் ஃபோன் என் பையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அங்கே வைத்துத்தான் வேண்டிக்கொண்டார். இவள் எழுந்து வந்தால் பாடைக்காவடி எடுக்கிறேன் தாயே என்று.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனியில் வலங்கைமான் மாரியம்மனுக்கு எடுக்கிற காவடி அது. சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பிணமாகப் படுத்து வருவார்கள். குடமுருட்டியில் குளிப்பாட்டி, பச்சை மூங்கில் பாடையில் கிடத்தி, நெற்றியில் காசு வைத்து, வாயைக் கட்டி, கை கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, மாலை போட்டு, நாலு பேர் தூக்க, முன்னால் ஒருவர் தீச்சட்டி பிடிக்க, பறை முழங்கக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். வழியில் பாடையை இறக்கக்கூடாது. படுத்திருக்கிறவர் கண் திறக்கக்கூடாது, பேசக்கூடாது. கோயிலில் பூசாரி தீர்த்தம் தெளித்து, விபூதி போட்டு எழுப்பினால்தான் உயிர் வந்ததாகக் கணக்கு. செத்தாயிற்று, இனி சாவுக்கு இங்கே வேலையில்லை.

வேண்டுதலைக் கேட்டதும் பாப்பா சந்தோஷப்பட்டாள். அதுதான் அக்காவைக் கலக்கிவிட்டது. எந்த நிறப் புடவை, எத்தனை மாலை, யார் யார் தூக்குவார்கள் என்றெல்லாம் கேட்டாளாம். அந்தத் தோழியைக் கட்டாயம் கூப்பிட வேண்டும் என்றாளாம். "நீ அழுவல்ல? நெஜமா அழணும்" என்று அக்காவிடம் வாக்குக் கேட்டாளாம்.

"ஏ பொண்ணே, அவ அதுல படுக்கறதுக்கு ஆசப்படறா" என்றார் அக்கா. அன்றைக்கு ஒரு சிட்டாவை மூன்று தடவை தப்பாக அடித்தார். "படுத்தா எந்திரிக்க மாட்டா."

மருத்துவரிடம் கேட்கலாம் என்றேன். அக்கா மருத்துவரிடம் கேட்கவில்லை, பூசாரியிடம் கேட்டார். பிள்ளைக்காகப் பெற்றவள் படுத்தாலும் செல்லும் என்று பூசாரி சொல்லிவிட்டார். அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. எவ்வளவு நல்ல யோசனை. நானும் அப்படித்தான் நினைத்தேன். பாப்பாவைப் பாடையிலிருந்து காப்பாற்றிவிட்டோம். மாமாவுக்குச் சம்மதம், மாமியாருக்குச் சம்மதம். பாப்பா ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு சரியாகிவிட்டாள். அத்தனை பக்கம் வாசித்திருந்த எனக்கும் சரி, பாப்பாவின் மூச்சை வைத்தே மனசைச் சொல்லிவிடுகிற அக்காவுக்கும் சரி, தோன்றவே இல்லை. இந்தப் பெண்ணுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே பயத்தை மூங்கிலில் கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு அவள் கண் முன்னால் தூக்கிக்கொண்டு போகப்போகிறோம் என்று.

திருவிழா அன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. ஆற்றங்கரையில் ஏகப்பட்ட பாடைகள். பக்கத்துப் பாடையில் ஒரு கனத்த மனிதர் பிணமாகக் கிடந்தார். தூக்க நின்ற மச்சான், "எந்திரிச்சதும் வண்டிச் சாவிய எங்க வெச்சேன்னு கேட்டுக்கணும், இப்ப கேட்டா பேச மாட்டாரு" என்றான். பிணத்தின் வயிறு குலுங்கியது. பாப்பா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவின் நெற்றியில் காசை அவள்தான் வைத்தாள். விரல்களைக் கட்டும்போது படம் எடுத்தாள். வாய்க்கட்டு கட்டுவதற்கு முன்னால் அக்கா அவளைப் பார்த்து, "கோயில் வரைக்கும்தான். இந்தா போய் எந்திரிச்சிடுவேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

மாமாவும் அவருடைய தம்பிகளும் தூக்கினார்கள். மாமியார் தீச்சட்டியோடு முன்னால். நானும் பாப்பாவும் பாடையை ஒட்டி நடந்தோம், என் கை அவள் கைக்குள். பறை அடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் வரைக்கும் சரியாகத்தான் இருந்தாள். தெரு திரும்பும்போது பாடை சாய்ந்தது. அக்காவின் தலை ஒரு பக்கமாகத் துவண்டு விழுந்தது, நிஜமான பிணத்தின் தலை விழுவது போல. பாப்பா என் கையை விட்டுவிட்டாள்.

"அம்மா" என்றாள்.

பறைச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது. மூடிய இமைக்குள் கண் ஓடுவதைப் பார்த்தேன்.

"அம்மா?"

இப்போது பேசக்கூடாது பாப்பா, கோயில் வந்ததும் பேசுவாங்க என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். மாமா தோளில் சுமையோடு, "சும்மா வா பாப்பா" என்றார். மூன்றாம் முறை கூப்பிட்டாள். குரல் உடைந்து சின்னக் குழந்தையின் குரலாக வந்தது.

அக்காவின் கழுத்து மாலை லேசாக அசைந்தது. பேசினால் வேண்டுதல் போய்விடும், வேண்டுதல் போனால் இவள் உயிர் போய்விடும் என்று நம்பித்தான் அவர் அங்கே படுத்திருந்தார். பேசாமல் போனால் என்ன ஆகும் என்பது குளியலறைத் தரையில் பார்த்தவர் அவர். இரண்டுக்கும் நடுவில், வாய்க்கட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ம்."

மாமியார் தீச்சட்டியோடு திரும்பினார். "பேசிட்டா. போச்சு. எல்லாம் போச்சு."

பாப்பாவோ, "'ம்'னா என்ன? இருக்கேன்னு சொல்லு" என்றாள்.

அந்த ஒற்றை எழுத்து அம்மனுக்கு அதிகமாகிவிட்டது, மகளுக்குப் போதவில்லை. பாப்பா ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு மூங்கிலை விட்டாள். கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள். நான் எட்டிப் பிடித்ததில் அவள் துப்பட்டாதான் என் கையில் வந்தது.

அப்புறம் நடந்ததை அந்தத் தெருவில் இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். பாடையில் பிணம் எழுந்து உட்கார்ந்தது. மாமா "படு, படு, எறக்கக் கூடாது" என்று பதறினார். அக்கா காலை உதறினார், பெருவிரல் கட்டு அறுந்தது. மாமாவின் தோளைப் பிடித்துச் சரிந்து கீழே இறங்கினார். நெற்றிக் காசு விழுந்து உருண்டது. கழுத்தில் மாலையோடு, மஞ்சள் வழிகிற ஈரப் புடவையோடு, இரண்டு கைப் பெருவிரலும் சேர்த்துக் கட்டியபடியே ஓடினார். கூட்டம் பிளந்தது. பலூன்காரர் பலூன்களோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். யாரோ கும்பிட்டார்கள். வாய்க்கட்டைத் தோளில் தேய்த்துக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "இருக்கேன் பாப்பா, இருக்கேன்" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். யாரும் கூப்பிடாமலே பதில் சொல்லிக்கொண்டு போனார். பின்னால் நான்.

ஆற்றுப்பக்கம் போகும் சந்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல். அதன் பின்னால், கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு. அக்கா அவள் முன்னால் மண்டியிட்டார். அணைக்கக் கை வரவில்லை, விரல் கட்டியிருந்தது. கட்டிய இரண்டு கையையும் வளையம் போல அவள் தலைக்கு மேலாகப் போட்டு இழுத்துக்கொண்டார்.

"இருக்கேன்" என்றார்.

பாப்பா அந்த வளையத்துக்குள்ளிருந்தே நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதனால்தான் அவ்வளவு பயமாக இருந்தது.

"எத்தன நாளைக்கு இருப்ப?"

அக்கா வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளில் பாப்பா நேருக்கு நேர் கேட்டு அவர் பதில் சொல்லாததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் இரண்டு டம்ளர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பாப்பாவே விரல் முடிச்சை அவிழ்த்தாள். பல்லால் கடித்துக் கடித்து அவிழ்த்தாள். அவிழ்த்ததும் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். தூரத்தில் எங்கள் பறை, எங்கள் பறைதான், கோயிலை நெருங்கிக்கொண்டிருந்தது. வழியில் இறக்க முடியாது, திரும்பவும் முடியாது. மாமாவும் தம்பிகளும் வெறும் பாடையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"ஏ பொண்ணே" என்றார் அக்கா, மெதுவாக. "ஆளில்லாமப் போனா செல்லுமா?"

ஃபோன் கையில்தான் இருந்தது, அதில் தேடத் தோன்றவில்லை.

வெயில் பந்தலைத் தாண்டி எங்கள் காலுக்கு வந்துவிட்டது. மாமா தேடிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் தீர்த்த ஈரம். கோயிலைச் சுற்றி வந்தார்களாம். பூசாரி கொஞ்சம் தயங்கிவிட்டு, வெறும் மூங்கில் மேல் தண்ணீரைத் தெளித்து, எழுந்திரு தாயே என்று சொன்னாராம். மாமா உள்ளங்கையை விரித்தார். விபூதி. எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். யாருக்கு வைப்பது என்று தெரியாமல் கையை நீட்டியபடி நின்றார், அவ்வளவு பெரிய மெஷினை வரப்பில் படாமல் திருப்புகிற மனிதர்.

"அம்மாவுக்கு வைங்க" என்றாள் பாப்பா, மடியிலிருந்து. "அவதான செத்தா."

அக்கா சிரித்துவிட்டார். சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணிலிருந்தும் வந்துவிட்டது. வாய்க்கட்டுத் துணியின் முனையால் பாப்பாவின் நெற்றி வேர்வையை ஒற்றி எடுத்தார், முடியை ஒதுக்கினார், மாமாவை ஏறிட்டுப் பார்த்தார். மாமா குனிந்தார். பாப்பாவின் நெற்றியில் வைத்தார். விபூதி பாதி அவள் இமையில் உதிர்ந்தது.

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பவில்லை.